அணைந்ததா என்று தட்டிப் பார்த்தவர்

வடக்குத்து ஊரில் இருந்த கடையை விட்டுக் கிளம்பி நிலக்கரி மைன்ஸ் டவுன்ஷிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் சால்டரிங் அயன், மல்டிமீட்டர், இரண்டு சட்டை. நான் வேலை பார்த்தது ஒரு செல்போன் ரிப்பேர் கடை. முதலாளி கெட்டவர் இல்லை. எனக்குத்தான் ஒரே ஸ்டூலில் சில மாதம் உட்கார்ந்தால் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். போகிறேன் என்றேன். எங்கே என்றார். தெரியவில்லை என்றேன். "சாப்ட்டுட்டுப் போ" என்றார். சாப்பிட்டுவிட்டு நடந்தேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து என் பிழைப்பு இப்படித்தான். ஓசூர், திருப்பூர், பாண்டிச்சேரி என்று போன இடத்தில் வேலை, கிடைத்த இடத்தில் படுக்கை. இப்போது கண் மங்கிவிட்டது. அயனைத் தொடுவதை நிறுத்திவிட்டேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு போர்டைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. என்னைவிட நன்றாகவே படித்து வந்திருக்கிறீர்கள். அன்று மத்தியானம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பின்னாலிருந்து வந்த ஒரு பைக் என்னைத் தாண்டிப் போய் நின்றது.

"அண்ணே, நீங்க செல் கடையில இருக்கறவருதானே?"

"இருந்தவரு."

"எப்ப வரைக்கும்?"

"இப்ப சோறு தின்ற வரைக்கும்."

அவர் சிரித்துவிட்டார். பெயர் ஆரோக்கியதாஸ். மைன்ஸில் எலக்ட்ரீஷியன், பர்மனென்ட். அன்று அவருக்கு வார விடுமுறை. விடுமுறையிலும் சட்டைப்பையில் பேனா மாதிரி டெஸ்டர் செருகியிருந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறிக்கொண்டேன். காற்றில் கத்திக் கத்தி விஷயத்தைச் சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

மகள் ஸ்டெல்லா ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அம்மாவுக்காக ஒரு கேம் மிஷின் செய்து கொடுத்திருக்கிறாள். நம் சின்ன வயதில் டி.வி.யில் மாட்டி ஆடுவோமே, அந்தக் காலத்து விளையாட்டுகள். ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸை அறுத்து, அதற்குள் சின்னக் கம்ப்யூட்டர் போர்டு, ஒரு திரை, பட்டன்கள், தட்டை பேட்டரி. கையில் பிடித்து ஆடலாம். நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் உள்ளே இருக்கும் மெமரி கார்டு திடீர் திடீரென்று அழிந்துபோகிறது. ஏற்கெனவே இரண்டு முறை போய்விட்டது. இப்போது பேட்டரியும் நிற்கவில்லை.

"எப்படி ஆஃப் பண்றீங்க?" என்று கேட்டேன். இந்த மாதிரி சாமானில் கார்டு போனால் முதலில் கேட்க வேண்டியது அதுதான். அதற்குள் இருப்பது கம்ப்யூட்டர். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட்டைப் பிடுங்கினால் கார்டு கெட்டுப்போகும்.

பைக் கொஞ்சம் வேகம் குறைந்தது. "அண்ணே, நான் மைன்ஸ்ல எலக்ட்ரீஷியன். ஆஃப் பண்றத எனக்கா சொல்லித் தர்றீங்க? பட்டன அமுக்கிப் புடிச்சா அதுவே ஒழுங்கா அணையற மாதிரி பொண்ணு செஞ்சிருக்குது. அப்படித்தான் பண்றேன்."

சரியான பதில். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. வாயால் சொல்லும் பதில் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். அதனால் சொல்லச் சொல்லாதீர்கள், செய்து காட்டச் சொல்லுங்கள்.

அவர்கள் குவார்ட்டர்ஸில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. சமையலறை வாசலில் சிவப்பு வாளியில் மணல் வைத்திருந்தார். வீட்டுக்குள் தீயணைக்கும் மணல் வைத்திருந்த ஒரே மனிதரை நான் அங்கேதான் பார்த்தேன். அவர் மனைவி பிலோமினா இடுப்பில் பெல்ட் கட்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகி, மாதக்கணக்கில் படுக்கையில் இருந்து, அப்போதுதான் எழுந்து உட்காரத் தொடங்கியிருந்தார்.

"வாங்கண்ணே. இவுரே பாத்துக்கறேன், பாத்துக்கறேன்னு சொல்லிக்கினு இருந்தாரு. ஒருவழியா ஆளைக் கூட்டியாந்துட்டாரு" என்றார்.

"அம்மா, மிஷின ஆன் பண்றது, ஆஃப் பண்றது எல்லாம் நீங்கதானா?"

"ஆன் பண்றது நானு. ஆஃப் பண்றது இவுரு. இந்த வூட்ல அப்படித்தான். மிக்சி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் எல்லாத்துக்கும் அதே சட்டம்தான். 'ஏங்க, சட்னி அரைச்சாச்சு'ன்னு நான் கூப்புடணும். இவுரு வந்து ஆஃப் பண்ணிட்டுப் போவாரு."

"அவரு ஷிஃப்ட்ல இருந்தா?"

"அன்னைக்கு சட்னி கெடையாது. பொடிதான்."

ஆரோக்கியதாஸ் சிரிக்கவில்லை. "ஆன் பண்றதுல ஆபத்து இல்ல பிலோ. ஆஃப் ஆயிடுச்சுன்னு நெனைக்கறதுலதான் ஆபத்து" என்றார். நல்ல வார்த்தை என்று அப்போது மனதில் நினைத்துக்கொண்டேன்.

அந்த மிஷினில் பிலோமினா ஆடுவது ஒரே ஒரு விளையாட்டு. கையில் விளக்கோடு ஒரு சின்ன ஆள் குகைக்குள் இறங்கிப் போவான். இறங்க இறங்க அடுத்த தளம். படுக்கையில் ஆரம்பித்தது. முதல் முறை கார்டு அழிந்தபோது பாதி தூரம் போயிருந்தார். இரண்டாம் முறை அதைத் தாண்டியிருந்தார். இப்போது ஸ்டெல்லாவே போகாத தளத்தில் இருக்கிறார்.

"சிரிப்பா இருக்கும் ஒங்களுக்கு," என்றார். "எந்திரிச்சி கக்கூசு போவ முடியாம கெடந்தேன். நான் படுத்த எடத்துலயே நடந்த தூரம் அது. இன்னொரு தடவ மொதல்லேருந்து நடக்க என்னால ஆவாது. அந்தக் கார்டு மட்டும் போவாம பாருங்க, போதும்."

"எங்க இருக்கு மிஷினு?"

"காலையிலயே ஆஃப் பண்ணி, உறையில போட்டு, சார்ஜ்ல வெச்சிட்டேன்" என்றார் ஆரோக்கியதாஸ். கரித்தூசு படியக் கூடாது என்று ஜிப் வைத்த தடித்த துணி உறை. அது கட்டில்மேல், தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. பிலோமினா மத்தியானம் படுத்து எழுந்த தலையணை.

உறையைக் கையில் எடுத்தவுடனேயே தெரிந்துவிட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் துணியோடு பிடித்த மாதிரி இருந்தது. சார்ஜர் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஜிப்பைத் திறந்தேன்.

உள்ளேயிருந்து வெளிச்சம் வந்தது.

திரை எரிந்துகொண்டிருந்தது. விளையாட்டின் பெயர்கள் வரிசையாக, எதைத் தேர்ந்தெடுக்கிறாய் என்று காத்துக்கொண்டிருந்தன. டிபன் பாக்ஸின் பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அந்த இடுக்கில் வெள்ளிக் காகிதம் சுற்றிய பேட்டரி, பொரித்த அப்பளம் மாதிரி உப்பியிருந்தது.

நான் இந்தத் தொழிலில் எத்தனையோ உப்பிய பேட்டரி பார்த்திருக்கிறேன். அணைத்து வைத்த சாமான் பைக்குள் விழித்துக்கொண்டு இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"நான் ஆஃப் பண்ணேன்," என்றார் ஆரோக்கியதாஸ். "நானேதான் ஆஃப் பண்ணேன்."

அடுத்து நடந்தது எல்லாம் மூச்சு விடும் நேரத்தில். மிஷினை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வெளியே முற்றத்துக்குப் போனார். பட்டனை அழுத்திப் பிடித்தார். திரை கறுப்பானது. உள்ளே ஒரு சின்னப் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்து, அதுவும் நின்றது. அதுவரை எல்லாம் சரி. அதற்கப்புறம் அதே பட்டனை ஒருமுறை தட்டினார். திரையைப் பார்த்தார். கறுப்பு. "டெட்" என்றார்.

சொல்லிவிட்டு, பின்பாக்கெட்டிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து, மூடி இடுக்கில் தெரிந்த சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் சேர்த்து அதன் வாய்க்குள் வைத்தார்.

நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"விடுங்கண்ணே, டெட்டுதான். தட்டிப் பாத்தேன்ல."

"சார், அழுத்தாதீங்க. வாயத் தொறங்க. பிளேயரத் தொறங்க."

அவர் திறக்கவும், அவருடைய கட்டைவிரலுக்குப் பக்கத்தில் திரை எரியவும் சரியாக இருந்தது. வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடின. மிஷின் மறுபடி கிளம்பிக்கொண்டிருந்தது.

வாசற்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த பிலோமினா அதைப் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை. "நீங்களேதான் ஆன் பண்றீங்க" என்றார்.

மைன்ஸில் எப்படி வேலை செய்வார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஒரு மோட்டாரில் கை வைக்கும் முன், கரண்ட்டைத் துண்டிக்கும் ஐசோலேட்டரை இறக்குவார்கள். பூட்டுப் போட்டுச் சாவியைத் தானே வைத்துக்கொள்வார்கள். அதோடு விடமாட்டார்கள். ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்ப்பார்கள். ஓடவில்லை என்றால்தான் கை உள்ளே போகும். உயிரைக் காக்கிற பழக்கம் அது. ஆரோக்கியதாஸ் வீட்டிலும் அப்படித்தான். மிக்சியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அப்புறம் ஸ்விட்சைத் தட்டிப் பார்ப்பார்.

இந்த மிஷினுக்கு இருந்தது ஒரே பட்டன். அழுத்திப் பிடித்தால் அணையும், தட்டினால் கிளம்பும். கிளம்பியவுடன் திரை எரியாது, கொஞ்ச நேரம் எடுக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் கறுப்புத் திரையைப் பார்த்து, செத்துவிட்டது என்று நம்பி, உறையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடுவார். அது உள்ளே விழித்துக்கொண்டு, காற்றில்லாமல் சூடேறிக்கொண்டு, பேட்டரி வற்றும் வரை ஓடும். வற்றியதும் பொட்டென்று நிற்கும். அப்படி நின்ற இரண்டு தடவை கார்டு போயிருக்கிறது. பேட்டரி உப்பியதும் அதனால்தான்.

அவர் இதைக் கவனக்குறைவாகச் செய்யவில்லை. ஒவ்வொரு நாளும் முழுக் கவனத்தோடு செய்திருக்கிறார். எனக்கு அதுதான் தூக்கிவாரிப் போட்டது.

பிளேயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரிக்கு ஐசோலேட்டர் கிடையாது. மிஷின் அணைந்தாலும் அந்த இரண்டு ஒயரில் உயிர் இருந்துகொண்டேதான் இருக்கும். இரண்டையும் ஒரே கடியில் வெட்டினால் வெட்டுகிற இரும்பே இரண்டையும் சேர்த்து ஷார்ட் ஆக்கிவிடும். சூடேறி உப்பிய பேட்டரிக்கு அதுவே போதும்.

"மணல் வாளி" என்றேன். அவரே ஓடிப்போய்க் கொண்டுவந்தார். மிஷினை மணல்மேல் வைத்தோம். எட்டிப் பார்த்தால் பேட்டரியின் வெள்ளை பிளக் தெரிந்தது. உப்பிய பேட்டரி அதை ஒரு பக்கமாக நெம்பிக்கொண்டிருந்தது. எப்போது வேண்டுமானாலும் கழன்றுவிடும்.

"அம்மா, இப்ப மிஷின் கெளம்பிக்கிட்டு இருக்கு. இந்த நேரத்துல பிளக்கப் புடுங்கினா கார்டு போனாலும் போவும். ஆனா புடுங்கித்தான் ஆவணும்" என்றேன்.

பிலோமினா வாளியைப் பார்த்தார். "புடுங்குங்க," என்றார். "போவட்டும். என்னா பண்றது."

நான் கையை நீட்டுவதற்குள் ஆரோக்கியதாஸ் வாளிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார். கழலப் பார்த்த பிளக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை பேட்டரிமேல் இருந்தது.

"முழுசா வரட்டும்," என்றார். "நான் ஒழுங்கா அணைக்கறேன்."

"சார், அது வெடிக்கும்."

"வெடிக்கல இன்னும்."

"ஏங்க, எந்திரிங்க. கேமுக்கு யாராவது கையக் குடுப்பாங்களா?"

"நீ உள்ள போ பிலோ."

வீட்டுக்குள் மணல் வைத்திருப்பவர். ஹெல்மெட் வாரைப் போடாமல் பைக்கைக் கிளப்பாதவர். அவர் அப்படிக் குந்தியிருந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தோளைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. இதற்கு மேல் இழுத்தால் பிளக் கழன்று பேட்டரி நசுங்கும். அந்த நேரத்தில் எது சரி என்று எனக்குப் புரியவில்லை.

எழுத்துகள் ஓடி முடிந்தன. விளையாட்டுகளின் பெயர் வந்தது. இடது கையால் பட்டனை அழுத்திப் பிடித்தார். திரை கறுப்பானது. பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அப்போது நகப்பூச்சு மாதிரி ஒரு இனிப்பு வாடை வந்தது. பேட்டரி சீறியது.

"விடுங்க சார்."

"பச்சை எரியுது."

"சார், விடுங்க."

"எரியுதுண்ணே. அணையல இன்னும்."

பச்சை நின்றது. நான் பக்கவாட்டில் கையை விட்டுக் கார்டை உருவினேன். அவர் பின்னால் சாய்ந்து விழுந்தார். புகை குபுக்கென்று கிளம்பி, அதற்குள்ளிருந்து நெருப்பு அடித்தது. டிபன் பாக்ஸ் உருகி மணலில் ஒழுகியது. நான் ஒரு தகரத்தை எடுத்து வாளியைச் சுற்றி முற்றத்தில் கிடந்த மணலை அள்ளி அள்ளிக் கொட்டினேன். நெருப்பு அடங்கிய பிறகும் நெடுநேரம் கிட்டே போகவில்லை.

அவர் உள்ளங்கையின் ஓரம் முழுக்கத் தோல் வெள்ளையாகச் சுருண்டிருந்தது. பிலோமினா, குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தவர், குனிந்து அவர் கையைத் தண்ணீர்க் குழாய்க்கு இழுத்துப் போனார். திட்டிக்கொண்டே தண்ணீரைத் திறந்துவிட்டார். நான் இங்கே சொல்ல முடியாத வார்த்தைகள் சில இருந்தன.

தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு அவர் என்னிடம் சொன்னார்: "தட்டிப் பாக்காம கை வெச்ச ஒருத்தர நான் தூக்கிக்கினு வந்திருக்கேன் அண்ணே. கூட வேல பாத்தவரு. அன்னையிலேருந்து தட்டிப் பாக்காம எதையும் விட்டதில்ல."

அவர் பழக்கம் தப்பில்லை. இடம்தான் மாறிவிட்டது. நீங்களும் ஒரு கடையில் கற்ற பழக்கத்தை இன்னொரு மேசைக்குக் கொண்டுபோவீர்கள். போகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கார்டை என் போனில் மாட்டிப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. இருக்கிறது என்றேன். பிலோமினா தலையை ஆட்டினார், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டார்கள். அந்தப் பெண், அப்பா கையைப் போட்டோ எடுத்து அனுப்பு என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

கார்டு பிழைத்ததைச் சொல்லி என்னிடம் யாராவது "அப்ப அவரு செஞ்சது சரிதானே" என்றால் எனக்குக் கோபம் வரும். பிழைத்தது வேறு, சரி வேறு. அந்தக் கையில் இன்னும் ஒரு விரல் முழுசாக மடங்குவதில்லை என்று கேள்விப்பட்டேன். பேட்டரி சூடாக இருந்தால் வாடிக்கையாளர் அழுதாலும், காலில் விழுந்தாலும், அதிலிருப்பது எதுவானாலும், முதலில் ஆட்களை விலக்குங்கள். அவர் பிடித்தது போலப் பிடிக்கத் தோன்றும். எனக்கே தோன்றியிருக்கும், அது என் மனைவி நடந்த தூரமாக இருந்தால்.

அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு நான் கிளம்பும்போது பிலோமினா வாசல் வரை வந்தார்.

"எங்க தங்குவீங்க?"

"பஸ் ஸ்டாண்ட்ல படுத்துக்குவேன்."

"காலையில வாங்க. ஒரு வேல இருக்குது."

"மிஷின்தான் எரிஞ்சிடுச்சேம்மா."

"அதுக்கில்ல. வாங்க."

காலையில் போனேன். ஆரோக்கியதாஸ் கையில் கட்டோடு வெளியே வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, உள்ளே போங்க என்று தலையால் காட்டினார். தான் எழுந்து வரவில்லை. வரக் கூடாது என்று உத்தரவு போலிருக்கிறது.

பிலோமினா மிக்சிக்கு முன்னால் நின்றிருந்தார். ஸ்டெல்லா வேறொரு மிஷின் செய்து அனுப்புவாள், அது வருவதற்குள் மற்றதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். என்னுடைய வேலை அதுதான். மிக்சியிலிருந்து ஆரம்பித்தோம். கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், கீஸர். எதை முதலில் அணைப்பது, எதில் பிளக்கையும் பிடுங்குவது, எதில் கொஞ்சம் பொறுப்பது. நான் ஒருமுறை சொன்னேன், அவர் ஒருமுறை செய்தார். ஒவ்வொன்றுக்கும் "இவ்ளோதானா?" என்று கேட்டார்.

கடைசியில் கதவுக்குப் பின்னால் இருந்த பெட்டியைக் காட்டினார். "அது?"

"மெயின். வூட்டுக்கே அதுதான்."

கை நனைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். முந்தானையில் துடைத்தார். பெட்டியைத் திறந்து, கொஞ்சம் யோசித்து, கீழே இறக்கினார். ஃபிரிட்ஜ் நின்றது. ஃபேன் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. அவ்வளவு நேரமும் அந்த வீட்டில் அத்தனை சத்தம் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வெளியிலிருந்து குரல் வந்தது. "பிலோ, கரண்ட் போயிடுச்சா?"

"போவல," என்றார். "நான் ஆஃப் பண்ணியிருக்கேன்."